கட்டைப் பையும் உப்பு பாக்கெட்டும்: பெண்கள் வீட்டிலேயே தொடங்கும் வலுப்பயிற்சி

"நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கிறேன், இதுக்கு மேல எக்சர்சைஸ் எதுக்கு?" வலுப்பயிற்சி என்று பேச்செடுத்ததும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. அந்தக் களைப்பு உண்மையானது. ஆனால் களைப்பு வேறு, வலு வேறு. தசை தன்னிடம் எவ்வளவு கேட்கப்படுகிறதோ அவ்வளவுதான் வளரும். பத்து வருஷமாக அதே குக்கரைத் தூக்கி அதே துணியைப் பிழிந்தால், அந்த வேலைக்குத் தேவையான வலு என்றைக்கோ வந்து அங்கேயே நின்றிருக்கும். அதன்பின் அந்த வேலை அலுப்பை மட்டும்தான் தரும். ஆட்டுக்கல்லும் கிணற்று ராட்டினமும் தோளுக்கும் கைப்பிடிக்கும் கொடுத்துவந்த பாரத்தைக்கூட இன்று கிரைண்டரும் மோட்டாரும் வாங்கிக்கொண்டன. நடைப்பயிற்சி இதயத்துக்கு மிக நல்லது, விடவே வேண்டாம். ஆனால் தோளும் மேல்முதுகும் மணிக்கட்டும் அதில் சும்மாதான் இருக்கின்றன.

சிரமம் தரும் ஒரு எடையைச் சரியான முறையில் தூக்குவதும், அந்த எடையைச் சிறுகச் சிறுக ஏற்றுவதும்தான் வலுப்பயிற்சி. ஏற்றாவிட்டால் அதுவும் இன்னொரு வீட்டு வேலையாகிவிடும். இந்தக் கட்டுரை முப்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்து வயது வரையுள்ள, ஜிம் பக்கம் போகாத பெண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டது. மற்ற வயதினருக்கு என்ன மாறும் என்பது பின்னால் வருகிறது.

பெண்களுக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும்

முப்பது வயதைத் தாண்டியபின் பயிற்சி இல்லாத உடம்பில் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடும். பெண்களுக்கு இதோடு எலும்பும் சேர்ந்துகொள்கிறது. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்குவதால், அதையொட்டிய சில ஆண்டுகளில் எலும்பு மிக வேகமாகத் தேய்கிறது. எழுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைவதற்கான காரணம் பெரும்பாலும் ஐம்பது வயதிலேயே தொடங்கிவிட்டது.

சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைதான். அது சுருங்கினால் குளுக்கோஸ் போக இடம் குறையும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் "காலுக்கு ரெஸ்ட் குடுங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தொடைத் தசை வலுவாக இருந்தால்தான் மூட்டின் மேல் இறங்கும் அதிர்ச்சி குறையும் என்பதால், மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவ வழிகாட்டிகள் முதலில் பரிந்துரைப்பதில் வலுப்பயிற்சியும் ஒன்று.

வயதானபின் கனமாகத் தூக்கலாமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் நடத்திய 'லிஃப்ட்மோர்' ஆய்வு 2018-ல் வெளியானது. எலும்பு அடர்த்தி குறைந்திருந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். சராசரி வயது 65. ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, முறைக்கு அரை மணி நேரம், கண்காணிப்பின் கீழ் கனமான எடை தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்த பிரிவில் அது 1.2 சதவீதம் குறைந்தது. முதல் மாதம் முழுக்க அவர்கள் லேசான எடையில் முறையை மட்டும் பழகினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியும் பெரியவர்கள் அனைவருக்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் வலுவும் சமநிலையும் சேர்ந்த பயிற்சியை மூன்று நாள் செய்ய வேண்டும்.

"உடம்பு ஆம்பளை மாதிரி ஆயிடுமோ" என்ற பயத்துக்கும் பதில் உண்டு. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண் உடலில் ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானு போட்டியிட்டது 49 கிலோ எடைப்பிரிவில்.

யார் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும்

நெஞ்சுவலி, காரணம் தெரியாத மூச்சிரைப்பு அல்லது மயக்கம் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத பிபி உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ ஆனவர்கள், அடி இறக்கம் (கர்ப்பப்பை இறக்கம்) உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம். டெக்சா ஸ்கேனில் (எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன்) எலும்புப்புரை என்று வந்திருந்தால் பயிற்சி இன்னும் அவசியம். ஆனால் முதல் இரண்டு மாதம் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் நடக்கட்டும். எலும்புப்புரை உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து கால்விரல் தொடுவதும், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியும் கூடாது. மெலிந்த முதுகெலும்பின் முன்பக்கத்தில் நசுக்கும் பாரம் விழுந்து அது உடையலாம்.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழவிடக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும் தொடங்குமுன் சோதித்துப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை ஏறியபின் தொடங்கலாம்.

முதலில் ஒரு சோதனை

கைப்பிடி இல்லாத, சுமார் 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60-64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழும், 65-69-க்கு 11-க்குக் கீழும், 70-79-க்கு 10-க்குக் கீழும் வந்தால் கால் வலு சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் கூடுதல் என்று பொருள். நாற்பதுகளில் இருப்பவருக்கு 12 எட்டுவதே கஷ்டமாக இருந்தால் இன்றைக்கே தொடங்க வேண்டும். எண்ணிக்கையைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து இதே நாற்காலியில் மறுபடி பார்க்கலாம்.

என்னென்ன வேண்டும்

இரண்டு கட்டைப் பை, மூடியும் கம்பிக் கைப்பிடியும் உள்ள காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளி, இரண்டு 2 லிட்டர் பாட்டில், பத்துப் பன்னிரண்டு கல் உப்பு பாக்கெட். தொடங்க இவ்வளவு போதும். உப்பைச் சொல்லக் காரணம் இருக்கிறது: பாக்கெட் சரியாக ஒரு கிலோ, விலை குறைவு, ஒவ்வொன்றாக ஏற்றலாம். ஈரம் இழுக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டிவிடுங்கள். கட்டைப் பையில் பிய்வது எப்போதும் கைப்பிடியோரத் தையல்தான். ஐந்து கிலோவைத் தாண்டினால் பைக்குள் பை போட்டு இரட்டையாக்குங்கள். வாளியின் கம்பி உள்ளங்கையை அறுக்கும், அதில் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்.

டம்பெல் வாங்குவதானால் தட்டுகளைக் கழற்றி மாட்டும் வகையைப் பாருங்கள். கடையில் பெண்களுக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் வைத்திருக்கும் ஒரு கிலோ ஜோடி நான்கு வாரத்தில் பயனற்றுப் போகும்.

நைட்டியின் விளிம்பு காலில் மாட்டும். சேலை இடுப்பு மடிப்பதை மறைக்கும். சுடிதார் பேண்ட்டோ டிராக் பேண்ட்டோ போடுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். வெறுங்கால் நல்லது, ஆனால் டைல்ஸ் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது.

ஆறு அசைவுகள்

நாற்காலியிலிருந்து எழுவது. இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும்வரை முதுகை வளைக்காமல் முன்னால் சாய்ந்து, தரையைப் பாதத்தால் மிதித்துத் தள்ளி எழுங்கள். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பலருக்குக் கடைசி நான்கு விரற்கடை தூரம் தொப்பென்று விழுவதாக இருக்கும். இருக்கை உங்கள் இப்போதைய வலுவுக்குத் தாழ்வு என்பதே அதன் பொருள். தலையணையோ மடித்த ஜமுக்காளமோ போட்டு உயர்த்துங்கள், வாரா வாரம் ஒரு மடிப்பைக் குறையுங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்ந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை மெலிவாக இருக்கிறது. முழங்கால் எப்போதும் இரண்டாவது கால்விரல் நோக்கும் திசையிலேயே போகட்டும். முழங்காலில் வலித்தால் உயரத்தைக் கூட்டி, பின்பக்கத்தை இன்னும் பின்னால் தள்ளி உட்காருங்கள். பாரம் தொடையின் பின்தசைக்கும் புட்டத்துக்கும் மாறும்.

12 முறை சுலபமானதும் இரண்டு உப்பு பாக்கெட் போட்ட பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். அங்கிருந்து ஐந்து கிலோ, பத்துக் கிலோ. பிறகு நாற்காலிக்குப் பதில் தாழ்வான முக்காலி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழும் வலு திரும்புவது இந்த வழியில்தான்.

வாளி தூக்குவது. ஆறில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஜிம்மில் டெட்லிஃப்ட் என்பார்கள். தொடையின் பின்பக்கம், புட்டம், முதுகு நெடுக உள்ள தசை, கைப்பிடி எல்லாம் ஒரே அசைவில் வேலை செய்யும். முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நேரடியாகப் பாரம் போகும். நம் பெண்கள் இடுப்பு பிடித்துக்கொண்டு படுப்பதும் பெரும்பாலும் இதே அசைவைத் தவறாகச் செய்ததால்தான்: தண்ணீர் கேன், ஈரத்துணி வாளி, அரிசிச் சிப்பம்.

முதல் இரண்டு வாரம் எடையே வேண்டாம். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். மாப் கம்பை முதுகில் நெடுக வைத்து, ஒரு கையால் கழுத்துக்குப் பின்னாலும் மறுகையால் இடுப்புக்குப் பின்னாலும் பிடியுங்கள். கம்பு பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றையும் தொட வேண்டும். முழங்காலை இளக்கி, பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். முன்னங்கால் எலும்பு நேராகவே நிற்கும், தொடையின் பின்பக்கம் இழுக்கும். கம்பு மூன்றில் ஒரு இடத்தை விட்டாலும் முதுகு வளைகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பத்து முறையும் பிசகாமல் வந்ததும் இன்னும் அரைச் சாண் தள்ளி நின்று பழகுங்கள்.

பிறகு ஐந்து கிலோ போட்ட வாளி. அது இரண்டு பாதங்களுக்கும் நடுவில், கணுக்காலுக்கு நேராக இருக்கட்டும். கால்விரலுக்கு முன்னால் வைத்தால் வாளி உடம்பை விட்டு விலகும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கீழ்முதுகின் சுமை கூடிக்கொண்டே போகும். இடுப்பு பிடிப்பதற்கு முதல் காரணம் இந்தத் தூரம்தான். முதுகை வளைக்காமல் கைப்பிடியை எட்ட முடியாவிட்டால் வாளியை ஒரு பலகை மேலோ இரண்டு செங்கல் மேலோ வையுங்கள். இரு கையாலும் பிடித்து, கை தொய்வில்லாமல் இழுபடும்வரை லேசாக இழுத்து, மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, தரையை மிதித்துத் தள்ளி எழுங்கள். எழும்போது மூச்சு வெளியே போகட்டும். மேலே வந்ததும் புட்டத்தை இறுக்குங்கள், பின்னால் சாய வேண்டாம். இறக்கும்போது மறுபடியும் இடுப்புதான் முதலில் பின்னால் போக வேண்டும். எடுப்பதைச் சரியாகச் செய்துவிட்டு வைக்கும்போது முதுகை விட்டுவிடுபவர்கள் நிறைய.

முறை படிந்தபின் வாரத்துக்கு ஒரு பாக்கெட் என்று ஏற்றினால் ஐந்தாறு வாரத்தில் பத்துக் கிலோ வரும். ஆறு மாதத்தில் இருபது என்பது நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் பலர் எட்டக்கூடிய எடை. இருபது லிட்டர் தண்ணீர் கேனும் அவ்வளவுதான்.

தள்ளுவது. தண்டால்தான் இது. சுவரில் கை வைத்துத் தொடங்கி, இரண்டு சுற்றும் 12 முறை வந்ததும் சமையல் மேடை, அதன்பின் கட்டில் விளிம்பு, கடைசியில் தரை. தலையிலிருந்து குதிகால்வரை ஒரே பலகைபோல இருக்க வேண்டும்; இடுப்பு தொங்கினால் உயரத்தைக் கூட்டுங்கள். முழங்கைகளை உடம்பிலிருந்து அரைவாசி மட்டும் விரியுங்கள், முழுதாக விரித்தால் தோள்மூட்டு உரசும். மேடையைத் துடைத்து உலர்த்திவிட்டே கை வையுங்கள்.

இழுப்பது. இடது கையும் இடது முழங்காலும் கட்டிலில் ஊன்றி, வலது கையில் கட்டைப் பை. முழங்கையைப் பின்பாக்கெட்டை நோக்கி இழுங்கள், காதை நோக்கி அல்ல. தோள் ஏறினால் கழுத்து வலிக்கும். கூன் விழாமல் காப்பது இந்த அசைவுதான். மூன்று பாக்கெட்டில் தொடங்கலாம்.

தலைக்கு மேல் தூக்குவது. 2 லிட்டர் பாட்டில்களில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொடங்கி, கால் லிட்டராக ஏற்றுங்கள். இங்கே ஒரு கிலோ ஏற்றம் ரொம்ப அதிகம். விலா எலும்பு முன்னால் பிதுங்காமல், புட்டத்தை இறுக்கி நின்று தூக்க வேண்டும். நாற்பதிலிருந்து அறுபது வயதுப் பெண்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் தோள் இறுகிப்போவது அதிகம். கை காதுவரை ஏறாவிட்டால் பாட்டிலைத் தூக்காதீர்கள், முதலில் பிசியோதெரபி.

சுமந்து நடப்பது. இரண்டு கையிலும் சம எடையுள்ள பை, நிமிர்ந்த முதுகு, 30 அடி போய் வருவது. கைப்பிடி வலு ஒட்டுமொத்த உடல்வலுவின் அளவுகோல். தசைத் தேய்வுக்கான ஆசிய மருத்துவர் குழு 2019-ல் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ் உள்ள பிடியைக் குறைவு என்று வரையறுத்தது.

கடைசியாக, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை, ஒற்றைக் காலில் 20 விநாடி. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தினமும் செய்யலாம்.

எத்தனை நாள், எவ்வளவு

வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. செவ்வாயும் வெள்ளியும் என்று நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்றல், எடையில்லாமல் நாற்காலி. பிறகு ஒவ்வொரு அசைவும் 8 முதல் 12 முறை, இரண்டு செட் (சுற்று). நடுவில் ஒன்றரை நிமிடமாவது ஓய்வு. எல்லாம் சேர்ந்து 40 நிமிடத்துக்குள் முடியும். முதல் இரண்டு வாரம் ஒரு செட்டோடு நிறுத்துங்கள். உற்சாகத்தில் முதல் நாளே மூன்று செட் செய்துவிட்டு, மூன்று நாள் படியேற முடியாமல் அதோடு விட்டவர்கள் ஏராளம்.

எடை சரியா என்பதைச் செட்டின் முடிவு சொல்லும். நிறுத்தும்போது "இன்னும் ரெண்டு தடவை ஒழுங்கா முடியும், மூணாவது முடியாது" என்று இருந்தால் சரி. இன்னும் ஐந்தாறு முடியும் என்றால் எடை போதாது. முறை கலைகிறது என்றால் அதிகம்.

நோட்டில் ஒரு வரி போதும்: "வெள்ளி, வாளி 8 கிலோ, 12, 10." அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் இரு செட்டும் 12 எட்டினால் ஒரு பாக்கெட் ஏற்றுங்கள். எண்ணிக்கை 8, 9 என்று இறங்கும், அது சரிதான். அங்கிருந்து மறுபடி 12-க்கு. நோட்டு இல்லாமல் செய்பவர்கள் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலும் அதே எடையில்தான் நிற்பார்கள். போன வாரம் என்ன தூக்கினோம் என்று நினைவிருக்காது, கை தானாகச் சுலபமானதை எடுக்கும்.

வலியும் மற்ற தொந்தரவுகளும்

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுக்கப் பரவலாக வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்தும் வலி, முதுகிலிருந்து காலுக்கு மின்சாரம்போல் இறங்கும் வலி, வீக்கம் வந்தால் நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி பயிற்சியின்போது இருந்து, மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம். ஆகாவிட்டால் அடுத்த முறை உயரத்தைக் கூட்டி எடையைக் குறையுங்கள்.

மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் பிபி ஒரு கணம் எகிறும். "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே தூக்குங்கள். எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது.

தூக்கும்போதோ இருமும்போதோ சிறுநீர் கசிவதைப் பெண்கள் பலர் வெளியில் சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்றபிறகும் இது மிகப் பொதுவானது, சரிசெய்யவும் முடியும். இடுப்புத்தளத் தசைகளை, சிறுநீரையும் காற்றையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே மேலே இழுத்து, 5 விநாடி பிடித்து, 5 விநாடி முழுதாகத் தளர்த்துங்கள். பத்து முறை, தினம் மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது. வாளியைத் தூக்குவதற்குச் சற்று முன் இந்த இழுப்பைச் செய்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். அப்படியும் கசிந்தால் எடையைக் குறையுங்கள். கீழே ஏதோ இறங்குவதுபோல் கனத்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பாடு

தசையைக் கட்டப் புரதம் வேண்டும், நம் தட்டில் குறைவதும் அதுதான். 55 கிலோ எடையுள்ள, பயிற்சி செய்யும் பெண்ணுக்கு நாளுக்கு 55 முதல் 66 கிராம் தேவை. காலையில் மூன்று இட்லி சாம்பார், மதியம் சோறு சாம்பார் பொரியல், மாலை டீ பிஸ்கட், இரவு தோசை சட்னி என்று போனால் 30, 35 கிராம்தான் தேறும். இரண்டு முட்டை 12 கிராம். ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12 கிராம் அளவில். 100 கிராம் மீன் சுமார் 20. உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15. ஒரு கப் கெட்டித் தயிரில் 6. இதில் இரண்டு மூன்றைச் சேர்த்தாலே கணக்கு நேராகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

பட்டியலைவிடப் பெரிய விஷயம் பந்தி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது முட்டையும் மீனும் தீர்ந்திருக்கும், குழம்பும் சோறும்தான் மிச்சம். சமைத்து இறக்கியதுமே உங்கள் பங்கை ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். மகளுக்கும் அப்படியே.

செய்யும்போது சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, படபடக்கிறது என்றால் ஹீமோகுளோபினைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15-49 வயது இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. 12-க்குக் கீழே இருந்தால் சிகிச்சையோடு லேசாகச் செய்யலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். கால்சியம் நாளுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்றபின் 1200. பால் 100 மில்லியில் 120, கேழ்வரகு 100 கிராமில் 350 அளவில் கிடைக்கும். வைட்டமின் டி குறைவா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

வயதுக்கு வயது என்ன மாறும்

பதின்பருவத்திலும் இருபதுகளிலும் எலும்பு சேமிப்பில் ஏறிக்கொண்டிருக்கும். முப்பதை ஒட்டி அந்தச் சேமிப்பு நின்றுவிடும். அந்த வயதுப் பெண்கள் எடையோடு ஸ்கிப்பிங்கும் குதிப்பும் சேர்க்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் தாராளமாகச் செய்யலாம். வயிற்றுவலி அதிகமென்றால் ஒரு செட் குறையுங்கள். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்கு எடை குறையாவிட்டாலும்கூட இன்சுலின் வேலை செய்யும் விதம் சீராக இந்தப் பயிற்சி உதவும்.

சிக்கலில்லாத கர்ப்பத்தில், முன்பே பழகியவர்கள் மருத்துவர் ஒப்புதலோடு லேசான எடையில் தொடரலாம். மல்லாந்து படுத்துச் செய்வதை மட்டும் பிற்பாதியில் விட்டுவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் மூச்சும் இடுப்புத்தளமும் முதலில், எடை பிறகு. சிசேரியன் என்றால் குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, காயத்தை மருத்துவர் பார்த்தபின்.

எழுபதைத் தாண்டியவர்களுக்கும் இதே ஆறு அசைவுகள்தான், உயரமும் எடையும் மட்டும் மாறும். பக்கத்தில் ஒரு ஆள், பிடிக்க ஒரு மேடை வேண்டும். 1990-ல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில் சராசரி வயது 90 உள்ள முதியோர் இல்லவாசிகள் எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி செய்து, தூக்கும் வலுவைச் சராசரியாக 174 சதவீதம் கூட்டினார்கள்.

விட்டுப்போனால்

கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை என்று பயிற்சி நின்றுபோவது சகஜம். ஒரு வாரம் விட்டால் அதே எடையில் தொடரலாம். இரண்டு மூன்று வாரம் விட்டால் நோட்டிலுள்ள கடைசி எடையில் முக்கால் பங்கு, ஒரே செட். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பாதி எடை. காய்ச்சல் விட்டபின் நான்கைந்து நாள் நடந்து பார்த்து, படியேறும்போது மூச்சு வாங்கவில்லை என்றால் தொடங்குங்கள். ஒருமுறை கட்டிய தசை புதிதாகக் கட்டுவதைவிட வேகமாகத் திரும்பும், பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் பழைய எண் நோட்டில் வந்துவிடும். வாளியில் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று மூடியைத் திறந்து எண்ணிவிட்டுத் தூக்குங்கள். இடையில் யாராவது சமையலுக்கு ஒன்றை எடுத்திருக்கலாம்.